பி.எல்.ஏ நாற்காலி கடற்கரையில் மக்காது

சாயல்குடி பக்கத்துப் பனைநார்க் கட்டில் பற்றிய பேச்சுக்கு நடுவே, பி.எல்.ஏ (பாலிலாக்டிக் அமிலம் என்ற தாவரவழி பிளாஸ்டிக்) நாற்காலி உடைந்தால் கடற்கரையில் போட்டாலே சில மாதத்தில் மக்கிவிடும் என்று ஒரு தகவல் சுற்றுகிறது. நல்ல எண்ணத்தில்தான் பகிர்ந்திருப்பீர்கள், ஆனால் அது சரியில்லைங்க. பி.எல்.ஏ சோளம், கரும்பு மாதிரியான பயிர்களின் சர்க்கரையிலிருந்து வருவது உண்மை. அது சீக்கிரம் மக்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 58 டிகிரி சூடு, ஈரம், நுண்ணுயிர் எல்லாம் சேர்ந்திருக்கிற பெரிய உரக்கூடம் வேண்டும். மன்னார் வளைகுடாத் தண்ணீர் 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், அதில் அந்தத் துண்டு வருஷக்கணக்கில் கிடக்கும், அதுவும் கடல்பசு மேய்கிற இடத்தில்.

நீங்களே பார்க்கலாம். பொருளில் ஐ.எஸ்.ஓ 17088 என்ற சர்வதேசத் தர எண் அச்சிட்டிருந்தால், அந்தத் தரம் உரமாக்கும் சூழலுக்கானது, கடலுக்கானது இல்லை. தரம் எதற்குப் பொருந்தும் என்று சொல்கிற நோக்கப் பகுதியை (Scope) இணையத்தில் தேடிப் படியுங்கள். அப்புறம், பி.எல்.ஏ துண்டு ஒன்றையும் பனை ஓலைக் கீற்று ஒன்றையும் ஈர மண்ணில் பக்கத்தில் பக்கத்தில் புதைத்து, ஒரு மழைக்காலம் கழித்துத் தோண்டுங்கள். ஓலை நைந்திருக்கும், பி.எல்.ஏ பெரிதாக மாறியிருக்காது.