கறுப்பிலிருந்து சுரண்டி எடுத்த மனிதன்

கல்லூரிக் காலத்தில் இரண்டு கோடை விடுமுறைகளை மதுரையில் ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் கழித்தேன். கல்யாணப் பத்திரிகை, துணிக்கடைப் பை, கூட்ட நோட்டீஸ் எல்லாம் ஒரே மேஜையில்தான் அச்சாகும். மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய துணி, அதன்மேல் ஒரு கரண்டி மை, ரப்பர் பட்டை பதித்த கட்டையால் ஒரே சீராக ஓர் இழுப்பு. அழுத்தம் கூடினால் பிள்ளையாரின் தொப்பை ஒழுகிவிடும். குறைந்தால் மாப்பிள்ளை பெயரில் பாதி எழுத்து விழாது. இருநூறு தாள் இழுத்து முடிக்கும்போது தோள்பட்டை தனியாகக் கழன்று வரும்போல இருக்கும். அந்த வலியை நினைக்காமல் இன்றும் எனக்கு ஒரு போஸ்டரைப் பார்க்கத் தெரியாது.

ஆகவே, இரண்டாம் உலகப் போர்க்காலத்து அமெரிக்கப் போஸ்டர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் வாசகத்தைப் படிக்கிறார்கள். நான் இதை இழுத்தவன் யார், அவனுக்குக் கூலி கொடுத்தது யார் என்று தேடுகிறேன். அந்தக் கூலியைப் பற்றித்தான் எனக்கு ஒரு வலுவான கருத்து இருக்கிறது; அதற்குச் சாட்சி டாக்ஸ் த்ராஷ் என்ற அச்சோவியக் கலைஞர், அவரிடம் பிறகு வருகிறேன்.

1935-ல், பொருளாதார மந்தத்தின் நடுவே, ரூஸ்வெல்ட் அரசு வேலையில்லாதோருக்கான திட்டத்துக்குள் ஓவியர்களுக்கும் ஒரு பிரிவைத் திறந்தது. பெயர் ஃபெடரல் ஆர்ட் புராஜெக்ட். தலைவர் ஹோல்கர் கேஹில். சாலை போடுகிறவனுக்குக் கூலி உண்டென்றால் படம் போடுகிறவனுக்கும் உண்டு என்பதுதான் கணக்கு. பத்திரிகைகள் கேலி செய்தன. ஊரே பசியில் கிடக்கும்போது இவர்களுக்கு வண்ணம் வாங்கிக் கொடுப்பதா என்று அரசியல்வாதிகள் குதித்தார்கள். இந்தக் கேள்வியை நம்மூர் டீக்கடையிலும் கேட்டிருக்கிறேன், ஆகவே அவர்கள்மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை.

நியூயார்க்கில் அந்தத் திட்டத்தின் போஸ்டர் பிரிவு முதலில் ஒவ்வொரு போஸ்டரையும் கையாலேயே வரைந்துகொண்டிருந்தது. அந்தோணி வெலோனிஸ் என்ற இளைஞர் வந்து, வணிக விளம்பரக் கடைகளில் கற்ற ஸ்கிரீன் முறையை அங்கே புகுத்தினார். செய்முறையைச் சிறு கையேடாகவும் எழுதினார். அது மற்ற ஊர்ப் பட்டறைகளுக்கும் போனது. திட்டம் முடிவதற்குள் சுமார் 35,000 வடிவங்களில் 20 லட்சம் போஸ்டர்கள் அச்சாகின என்று சொல்கிறார்கள். மேக நோய்ப் பரிசோதனை செய்துகொள், நூலகத்துக்கு வா, மிருகக்காட்சிசாலைக்குப் பிள்ளையைக் கூட்டிப் போ: இப்படி வீட்டுப் பெரியவர் சொல்கிற மாதிரியான சேதிகள்.

1941 டிசம்பர் 7-ல் பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கியது. சில மாதங்களில் அதே மேஜைகள், அதே சட்டங்கள், அதே தோள்பட்டைகள் போர் வேலைக்குத் திரும்பின. விளக்கை அணை, வாயை அடக்கு, போர்ப் பத்திரம் வாங்கு, பழைய இரும்பைக் கொடு. போர் வந்த பிறகு ஆள் பிடித்துப் பழக்கியிருந்தால் முதல் நல்ல இழுப்புக்கே எத்தனை மாதம் ஆகியிருக்கும்! ஏழு ஆண்டுகளாகத் தெண்டச் சோறு என்று திட்டு வாங்கிய கைகள்தான் கூப்பிட்ட நாளில் வந்து நின்றன. இதில் ஒரு வேடிக்கை: ஸ்கிரீனுக்கு அன்று பட்டுத்துணிதான் உயிர். 1941-லேயே ஜப்பானியப் பட்டு நின்றுபோனது; கையில் இருந்ததைப் பாராசூட்டும் பீரங்கி வெடிமருந்துப் பையும் கேட்டன.

அரசுக்கு வெளியே ஓவியர்களே சேர்ந்து கட்டிய அமைப்பும் உண்டு. 1942 தொடக்கத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கலைச் சங்கங்கள் ஒன்றுகூடி ‘ஆர்ட்டிஸ்ட்ஸ் ஃபார் விக்டரி’ என்று பெயர் வைத்தன. உறுப்பினர்கள் சுமார் 10,000 பேர். முன்பெல்லாம் ஒருவர் கண்காட்சிக்கு மற்றவர் போகாத சங்கங்களும் அதில் இருந்திருக்கும் என்று அனுபவத்தில் ஊகிக்கிறேன். அவர்கள் நடத்திய போஸ்டர் போட்டிக்கு 2,000-க்கும் மேற்பட்ட படைப்புகள் வந்தன. எனக்கு அதைவிடப் பிடித்தது 1943 அக்டோபரில் அவர்கள் செய்த காரியம். லித்தோ (கல்லில் வரைந்து எடுப்பது), மரச்செதுக்கு, எட்சிங் (அமிலத்தால் அரித்த தகட்டில் எடுப்பது), ஸ்கிரீன் என்று 100 அச்சோவியங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் வேண்டிய படிகள் எடுத்து, நாடெங்கும் 26 இடங்களில் ஒரே சமயத்தில் கண்காட்சி திறந்தார்கள். எண்ணெய் ஓவியம் என்றால் பெட்டியில் கட்டி, ரயிலேற்றி, ஊர் ஊராக அனுப்பி முடிப்பதற்குள் போரே முடிந்திருக்கும். அச்சோவியம் இருபத்தாறு ஊரிலும் ஒரே நாளில் கொடியேற்றியது. போர்முனை வீரர்கள், எதிரி, வரப்போகும் அமைதி ஆகியவற்றோடு ஊரில் இருந்து உழைக்கும் மக்களும் அதில் ஒரு தனித் தலைப்பு. அந்தத் தலைப்புக்கு நேராகவே ஓவியர் ராபர்ட் க்வாத்மி தன் ஸ்கிரீன் படத்துக்கு ‘ரூரல் ஹோம் ஃபிரன்ட்’ (கிராமத்து உள்நாட்டு முனை) என்று பெயரிட்டார். அது பரிசும் பெற்றது.

இவ்வளவு புகழ்ந்தாலும், அந்தக் காலத்துப் போஸ்டர்களில் பலவற்றை என் வீட்டுச் சுவரில் மாட்டமாட்டேன். ஜப்பானியனை எலியாகவும் குரங்காகவும் வரைந்தார்கள். அதே காலத்தில்தான் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். யாசுவோ குனியோஷி லித்தோவில் தேர்ந்த கை. 1906-ல் ஜப்பானிலிருந்து சிறுவனாக அமெரிக்கா வந்தவர். சட்டம் இடம் கொடுக்காததால் குடியுரிமை இல்லை. பேர்ல் ஹார்பருக்குப் பிறகு அவரை எதிரி நாட்டவர் என்று பதிந்து, வங்கிக் கணக்கை முடக்கினார்கள். அப்படிப்பட்டவர் அதே அரசின் போர்த் தகவல் அலுவலகத்துக்குப் போஸ்டர் படங்கள் வரைந்து கொடுத்தார். சான் பிரான்சிஸ்கோ பக்கம் டான்ஃபோரன் என்ற குதிரைப் பந்தயத் திடலில், லாயங்களில் குடும்பங்களை அடைத்து வைத்திருந்த இடத்தில், அங்கேயே அடைபட்டிருந்த ஓவியர் சியுரா ஒபாட்டா 1942-ல் ஓவியப் பள்ளியே தொடங்கினார். கலை அமைப்புகள் போர்க்காலத்தில் மக்களுக்குத் துணை நின்ற கதையில் இந்தப் பள்ளிக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்பேன். ஒதுக்குகிறவர்கள் குறைவு.

இனி, நான் உண்மையில் எழுத வந்த ஆள். டாக்ஸ் த்ராஷ். 1893-ல் ஜார்ஜியாவின் கிரிஃபின் ஊரில் பிறந்த கறுப்பினத்தவர். முதல் உலகப் போரில், கறுப்பர்களுக்கென்று தனியே பிரித்த படைப்பிரிவில் பிரான்ஸ் போய், காயம்பட்டுத் திரும்பி, சிகாகோவில் ஓவியம் படித்து, கடைசியில் ஃபிலடெல்ஃபியாவில் தங்கியவர். அங்கே அரசுத் திட்டத்தின் அச்சோவியப் பட்டறையில் சேர்ந்தார்.

லித்தோ கல்லில் பழைய படத்தைத் தேய்த்து அழிக்கக் கார்போரண்டம் தூளைப் பயன்படுத்துவார்கள். நம்மூர்ச் சாணைக்கல்லில் இருக்கும் அதே பொருள்தான். 1937 வாக்கில் அந்தத் தூளைச் செப்புத் தகட்டின்மேல் கொட்டித் தேய்த்துப் பார்த்தார்கள். த்ராஷோடு மைக்கேல் காலகர், ஹியூ மெசிபோவ் பெயர்களும் இதில் சேர்ந்தே அடிபடும். தேய்க்கத் தேய்க்கத் தகடு முழுவதும் பொடிப் பொடியாகச் சொரசொரப்பாகும். அப்படியே மை தடவி அழுத்தினால் தாள் முழுக்க வெல்வெட் மாதிரிக் கறுப்பு, வேறு ஒன்றும் இருக்காது. அதன் பிறகுதான் வேலை. வெளிச்சம் வேண்டிய இடத்தைச் சுரண்டியால் சுரண்டி, மெருகுக் கருவியால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். வழவழப்பான இடத்தில் மை நிற்காது. அங்கே தாள் வெளுக்கும். நெற்றி, கன்ன எலும்பு, கைமுட்டி என்று ஒவ்வொன்றாகக் கறுப்புக்குள்ளிருந்து வெளியே வரும். நாங்கள் கடையில் வெள்ளைத் தாளில் மை ஏற்றினோம். அவர் மையிலிருந்து மனிதனை இறக்கினார்.

1941 வாக்கில் அவர் அப்படி எடுத்த படம் ‘டிஃபென்ஸ் ஒர்க்கர்’. போர்த் தொழிலில் உழைக்கும் ஒரு கறுப்பினத் தொழிலாளி. வாங்கு, கொடு, பேசாதே என்ற கட்டளை எதுவும் படத்தில் கிடையாது. ஆனால் அந்த ஆண்டில் அப்படி ஒருவனை வரைவதே ஒரு வாதம். போர்த் தொழிற்சாலைகளில் பல கறுப்பர்களை வேலைக்குச் சேர்க்கவில்லை. கறுப்பினத் தொழிற்சங்கத் தலைவர் ஃபிலிப் ராண்டால்ஃப் வாஷிங்டனுக்குப் பேரணி வருவோம் என்று மிரட்டிய பிறகே, 1941 ஜூனில், நிறம் பார்க்கக் கூடாது என்று ரூஸ்வெல்ட் ஆணையிட்டார். ஆணை வந்துவிட்டால் மனசு வந்துவிடுமா? 1944 ஆகஸ்டில், த்ராஷ் இருந்த அதே ஃபிலடெல்ஃபியாவில், எட்டுக் கறுப்பினத் தொழிலாளர்களை டிராம் ஓட்டப் பழக்கினார்கள் என்பதற்காக வெள்ளை ஊழியர்கள் நகரப் போக்குவரத்தையே நிறுத்தினார்கள். போர்ச் சாமான் செய்யும் பெருநகரம் ஸ்தம்பித்தது. ஐரோப்பாவில் சண்டை நடக்கையில் உள்ளூர் டிராமை ஓட்ட 5,000 ராணுவத்தினரை இறக்க வேண்டியிருந்தது.

“விளக்கை அணை” போஸ்டர் விளக்கை அணைக்க உதவியது, அதன் பயன் அதோடு சரி. த்ராஷின் படம், இவனையும் உங்கள் ஆள் என்று எண்ணிக்கொள்ளுங்கள் என்றது. எது போர் முயற்சிக்குப் பெரிய உதவி என்று கேட்டால் நான் தயங்காமல் இரண்டாவதைச் சொல்வேன். இப்படியொரு படத்தை எந்தத் தளபதியும் கேட்டு வாங்கியிருக்கமாட்டார். மாதக் கணக்கில் தகட்டைத் தேய்த்து விளையாட ஒரு பட்டறையும் வாரக் கூலியும் இருந்ததால் வந்த படம் அது.

1943-ல் திட்டத்தை இழுத்து மூடினார்கள். நியூயார்க்கில் அரசுக் கிடங்கில் கிடந்த ஓவியத் துணிகள் காயலான் கடைக்கு எடைக்குப் போயின. 20 லட்சம் போஸ்டர்களில் இன்று இருப்பதாகத் தெரிவது சுமார் 2,000. அச்சோவியங்களுக்குக் கொஞ்சம் நல்ல காலம். நூலகங்களும் அருங்காட்சியகங்களும் வாங்கி வைத்துக்கொண்டன. த்ராஷ் 1965-ல் இறந்தார். ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய கண்காட்சி வைத்தது 2001-ல்.

அந்தச் செய்முறைக்கு அவர் வைத்த பெயர் ‘ஒஃபீலியாகிராஃப்’. ஒஃபீலியா அவருடைய அம்மா. அந்தப் பெயர் நிலைக்கவில்லை; புத்தகங்களில் கார்போரண்டம் என்றுதான் போடுகிறார்கள். நான் ஒஃபீலியாகிராஃப் என்றே சொல்லப்போகிறேன்.