எத்தனை கோல் போட்டாள்?

போன ஞாயிற்றுக்கிழமை நெல்லிக்குப்பத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெரிய நாத்தனார் என் மகளைக் காட்டி, "இவதானே ஃபுட்பால் ஆடறா? எத்தனை கோல் போட்டிருக்கா?" என்று கேட்டார்.

"ஒண்ணுகூட இல்ல அண்ணி."

"அடப் பாவமே" என்றவர், பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு என் இலையில் இன்னொரு வடை வைக்கச் சொன்னார். ஆறுதல் வடை.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மகள் ஆடுவது நடுக்களம், அவர்கள் பாஷையில் மிட்ஃபீல்ட். கோல் போடுவது அவள் வேலை இல்லை என்று எனக்கே புரிய ஆறு மாசம் ஆனது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் காலைப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். பந்து இவளிடம் வருவதற்குள் தலையை ஒருதரம் இந்தப் பக்கம், ஒருதரம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்ப்பாள். பாவம், அம்மா இருக்கிறேனா என்று தேடுகிறாள் என நினைத்துக் கையைக் கையை ஆட்டுவேன். ஒருநாள் ஸ்கூட்டியில் வரும்போது பின்னால் இருந்து சொன்னாள்: "அம்மா, நான் உன்னப் பாக்கல. பின்னாடி யார் வர்றா, எங்க எடம் இருக்குன்னு பாக்கறேன். நீ கையாட்டாத, எல்லாரும் சிரிக்கறாங்க."

அன்றிலிருந்து நானும் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்க்க ஆரம்பித்தேன். ஆட்டமே வேறு மாதிரி தெரிந்தது. எதிரணிப் பெண் பாஸ் கொடுக்க நினைக்கும் இடத்தில் இவள் முன்கூட்டியே போய் நிற்கிறாள். அந்தப் பெண் மனசை மாற்றிக்கொண்டு வேறு பக்கம் தள்ளுகிறாள், பந்து வெளியே போய்விடுகிறது. இதில் என் மகள் பந்தைத் தொடவே இல்லை. இதை எந்த நோட்டில் எழுதுவது?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் அண்ணனுக்குப் பிரான்ஸ் அணி என்றால் உயிர். பாண்டியில் அது அதிசயமில்லை. 2018 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை அவர் வீட்டில்தான் பார்த்தோம். பிள்ளைகள் எல்லாம் எம்பாப்பே, எம்பாப்பே என்று கத்த, அண்ணன் மட்டும் கான்டே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் என் மகள் மாதிரி மிட்ஃபீல்டர்தான். அன்றைக்கென்று பார்த்து கான்டேக்கு ஆட்டம் சரியாக அமையவில்லை. 55ஆவது நிமிஷத்தில் வெளியே எடுத்துவிட்டார்கள். அண்ணன் முகம் தொங்கிப் போனது.

அவர் சொல்லித்தான் அந்த மனிதரின் கதை எனக்குத் தெரியும். 1991இல் பாரிஸில் பிறந்தவர். பெற்றோர் மாலி நாட்டுக்காரர்கள். ஆள் குள்ளம் என்று பெரிய அகாடமிகள் எடுத்துக்கொள்ளவில்லை. 21 வயதில் பிரான்ஸின் மூன்றாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தார். 2015இல் லெஸ்டர் என்ற இங்கிலாந்து கிளப் வாங்கியது. அடுத்த ஆண்டே லெஸ்டர் இங்கிலாந்து சாம்பியன். செல்சீக்கு மாறினார், 2017இல் செல்சீ சாம்பியன். 2021இல் ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீகில் அரையிறுதியின் இரண்டு ஆட்டங்களிலும் இறுதிப் போட்டியிலும் ஆட்ட நாயகன் அவர்தான். உலகக் கோப்பையை ஜெயித்த அன்று கப்பைக் கேட்டு வாங்கக் கூச்சப்பட்டு ஓரமாக நின்றவர் கையில் சக ஆட்டக்காரர் என்சோன்சிதான் வாங்கிக் கொடுத்தாராம்.

சரி, பிரான்ஸ் கதை போதும். நம்ம ஊருக்கு வருகிறேன்.

இந்துமதி கதிரேசன். 1994இல் கடலூரில் பிறந்தவர். இந்தியப் பெண்கள் அணிக்கு ஆடிய மிட்ஃபீல்டர். இந்தப் பெயரைக் காதுகுத்துப் பந்தியில் சொன்னேன். வரிசையில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஐ.பி.எல். ஏலத்தில் யார் எத்தனை கோடிக்குப் போனார் என்று அதே வரிசையில் மனப்பாடமாகச் சொல்கிறார்கள்.

கோல் கணக்குதான் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. 2017 ஜனவரியில் சிலிகுரியில் தெற்காசியக் கோப்பை இறுதிப் போட்டி, வங்கதேசத்தை 3-1 என்று இந்தியா ஜெயித்தது. மூன்றாவது கோல் இந்துமதியுடையது. 2019இல் அதே கோப்பையின் அரையிறுதியில் அதே வங்கதேசத்துக்கு எதிராக இரண்டு கோல். ஆனால் இதைச் சொல்லும்போதே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. நடுக்களத்தில் அத்தனை வருஷம் ஓடிய ஓட்டத்தை விட்டுவிட்டு நானும் கோலைத்தானே எண்ணிக் காட்டுகிறேன்.

கடலூரில் பெண்கள் ஃபுட்பால் ஆடுவது நேற்று முளைத்ததில்லை. சுனாமிக்குப் பிறகு பெற்றோரை இழந்து அரசு விடுதியில் இருந்த பெண் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் ஒரு பயிற்சியாளர் பந்தைக் கொடுத்து ஓட விட்டார். அந்த மைதானத்துப் புழுதியிலிருந்து மாநில அணிக்கும் இந்திய அணிக்கும் பெண்கள் போயிருக்கிறார்கள். 2017-18 இந்தியப் பெண்கள் லீகில் மொத்தம் ஏழு அணிகள். அதில் ஒன்று கடலூர் இந்திரா காந்தி அகாடமி. 2018இல் தமிழ்நாடு, மணிப்பூரையே இறுதிப் போட்டியில் 2-1 என்று சாய்த்து முதல்முறையாகத் தேசியப் பட்டம் வாங்கியது. பெண்கள் ஃபுட்பாலில் மணிப்பூரைச் சாய்ப்பது என்றால் சும்மா இல்லை. 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை ஜெயித்து மறுபடியும் பட்டம். எங்கள் தெருவில் ஒரு பட்டாசு வெடிக்கவில்லை.

2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தது. அந்த அணியில் இந்துமதி இருந்தார். முதல் ஆட்டம் ஈரானோடு 0-0. அடுத்த ஆட்டத்தன்று அணிக்குள் கொரோனா பரவி, களமிறக்க ஆள் தேறாமல், போட்டியிலிருந்தே இந்தியா வெளியேற வேண்டியதாயிற்று. ஒரு மிட்ஃபீல்டரின் வாழ்க்கையில் நல்ல வருஷங்கள் பத்து இருந்தால் அதிகம். சொந்த மண்ணில் ஆசியக் கோப்பை அதில் எத்தனை முறை வரும்?

இனி நான் சொல்ல வந்த விஷயம். இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் சப் இன்ஸ்பெக்டர். 2020 லாக்டவுனில் சென்னையில் முகக்கவசம் போட்டுக்கொண்டு டியூட்டி பார்த்தார். அப்போது எல்லோரும் அதைப் பாராட்டி எழுதினார்கள்: ஆட்டத்திலும் சாதனை, காக்கியிலும் சாதனை என்று. நானும் ஒரு ஹார்ட் போட்டேன்.

இப்போது யோசித்தால் அந்த ஹார்ட் உறுத்துகிறது. 2023இல்தான் கால்பந்து சம்மேளனம், லீகின் மேல்மட்ட அணிகள் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்காவது ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. மாசத்துக்குப் போட்டுப் பாருங்கள், 27 ஆயிரம்கூட வராது. எஸ்.ஐ. வேலையில் சேருகிறவரின் அடிப்படைச் சம்பளமே 36,900. நாட்டுக்கு ஆடும் பெண் சோற்றுக்கு லத்தியை நம்ப வேண்டியிருக்கிறது. அதைப் பார்த்து நாம் "ரெட்டைச் சாதனை" என்று கைதட்டுகிறோம். அந்த வேலை கேவலம் என்று சொல்லவில்லை, அது இல்லாமல் இருந்திருந்தால் நம் பெண்கள் பலர் 22 வயதில் பூட்ஸைக் கழற்றியிருப்பார்கள். போலீஸ், ரயில்வே மாதிரி வேலைகள் தாங்கிப் பிடித்ததால்தான் இந்த ஆட்டம் இத்தனை வருஷம் நின்றது. ஆனால் முட்டுக்கொடுத்த கம்பையே வீடு என்று சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி?

2025 ஜூலையில் இந்தியப் பெண்கள் தாய்லாந்துக்கே போய் 2-1 என்று ஜெயித்து ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். இரண்டு கோலும் போட்டது சங்கீதா பாஸ்ஃபோர், அவரும் மிட்ஃபீல்டர்தான். மறுநாள் அலுவலகத்தில் நான் சொன்னபோது, "பொண்ணுங்களுக்குத் தனியா டீம் இருக்கா?" என்றார் பக்கத்து சீட்காரர். டிகிரி படித்தவர்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மகள் பயிற்சிக்குப் போக வீட்டுக்காரர் முதலில் சம்மதிக்கவில்லை. கறுத்துப் போவாள், படிப்பு கெடும், வழக்கமான பாட்டுதான். அவரை மடக்க நான் சொன்னது என்ன தெரியுமா? "ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல கவர்மென்ட் வேலை கிடைக்குங்க. இந்துமதிய பாருங்க, எஸ்.ஐ." மறுநாளே அவர் போய், முழங்காலுக்குக் கீழே அடிபடாமல் கட்டும் ஷின் பேட் வாங்கி வந்துவிட்டார். இவள் அடுத்த அறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். காதுகுத்து முடிந்து பஸ்ஸில் வரும்போது கேட்கிறாள், "ஏம்மா, எனக்கு போலீஸ் வேலை புடிக்கலன்னா ஃபுட்பாலை நிறுத்திருவீங்களா?"

ஜன்னல் பக்கம் திரும்பி, காற்று முகத்தில் அடிக்கிறது, கேட்கவில்லை என்பதுபோல உட்கார்ந்துகொண்டேன். அவள் விடவில்லை. பதில் அப்புறம் சொல்கிறேன் என்று ஆலப்பாக்கம் பெரியம்மா வீட்டுக் கதையை எடுத்துவிட்டேன்.

அப்புறம், நண்பர்களே, அவள் பூட்ஸில் வலது கால் அடியில் இருக்கும் ஸ்டட், அந்தக் குமிழ்கள், இரண்டு உடைந்துவிட்டது. அளவு 4. யார் வீட்டிலாவது பிள்ளைக்குச் சின்னதாகிப் போன ஜோடி இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். கடலூர், பாண்டி எங்கே என்றாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.