நாற்பது நிமிஷக் கச்சேரிக்கு எட்டு உருப்படி

பாட்டு நின்று தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனிக்கு ஒன்றரை நிமிஷம். மிருதங்கம், கடம், ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றரை நிமிஷம்! அதற்கு அந்தக் கடத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கலாமே. துணி சுற்றி, மடியில் வைத்துப் பொத்திப் பொத்தி வண்டியில் கொண்டுவந்து, மேடையில் முப்பத்தைந்து நிமிஷம் பாட்டுக்குக் கூட வாசித்தவருக்கு, தனக்கென்று ஒரு ஆவர்த்தனம், ஒரு முழுத் தாளச் சுற்று, கிடைக்கவில்லை.

என்ன நடந்தது என்று கணக்கோடு சொல்கிறேன். இது வாய்ப்பாட்டுத் தகராறு இல்லை, கூட்டல் கழித்தல் தகராறு.

ஆறு மணிக்கு ஆரம்பம், ஆறே முக்காலுக்குத் திரை. அதில் அறிமுகம் என்ற பெயரில் ஆளாளுக்கு வாங்கிய பட்டங்களை வாசித்ததில் ஐந்து நிமிஷம் போச்சு. மிச்சம் நாற்பது. இந்த நாற்பதுக்கு அமைப்பாளர்கள் கொடுத்த பட்டியல்: வர்ணம் ஒன்று, பிள்ளையார் பாட்டு ஒன்று, "எல்லாருக்கும் தெரிந்ததாக" பஜரே மானஸ கீர்த்தனை, பாபநாசம் சிவன் பாட்டு ஒன்று, மெயின் என்கிற நடுநாயகப் பாட்டு, துக்கடா என்கிற லேசான சின்னப் பாட்டு ஒன்று, ஒரு பாரதியார், மங்களம். எட்டு உருப்படி. வர்ணம் ரெண்டு காலத்தில் 5 நிமிஷம், பிள்ளையார் 5, பஜரே மானஸ 6, சிவன் 6, துக்கடா 4, பாரதியார் 4, மங்களம் 1. கூட்டினால் 31. மெயினுக்கு மிஞ்சுவது 9. அந்த ஒன்பதில் ராகத்தை விரிக்கும் ஆலாபனை, அதற்கு வயலினின் பதில், கீர்த்தனை, ஸரிகம பாடும் ஸ்வரம், தனி எல்லாம் அடங்க வேண்டும். பட்டியல் எழுதிய கையில் பேனா இருந்ததல்லவா? ஓரத்தில் ஒரு கூட்டல் போட்டுப் பார்க்க எத்தனை நேரம் ஆகும்?

அந்த ஒன்பது நிமிஷத்துக்கு எடுத்தது கரஹரப்ரியா ராகம், தியாகராஜரின் சக்கனி ராஜ. ஆதி தாளம், ரெண்டு களை, அதாவது ஒவ்வொரு எண்ணிக்கையும் இரட்டிப்பு நீளம். நிதானமான காலப்பிரமாணத்தில் ஒரு ஆவர்த்தனத்துக்கு 12 விநாடி பிடிக்கும். அந்தப் பல்லவியின் உயிரே சங்கதிகள்தான், ஒரே வரி மெருகு மாறி மாறிப் படிப்படியாக ஏறும். பத்து சங்கதியை ரெண்டு ரெண்டு தடவை பாடினால் 20 ஆவர்த்தனம், 240 விநாடி. பல்லவி மட்டுமே நாலு நிமிஷம். அனுபல்லவி, சரணம் எங்கே போவது? ஆலாபனை ஒன்றரை நிமிஷம், மேல் ஷட்ஜத்தைத் தொட்டதும் இறங்கியாச்சு. வயலினுக்கு அரை நிமிஷம். சங்கதியில் நாலு போச்சு. ஒரு வரியை எடுத்து விரிக்கும் நிரவல் இல்லை. ஸ்வரம் ரெண்டு சுற்று. அந்த நேரத்தில்தான் பக்கவாட்டிலிருந்து துண்டுச் சீட்டு வந்தது: "தனி சுருக்கமாக."

ரெண்டு ஆவர்த்தனத்துக்கு அமைந்த ஒரு கோர்வையை, அதாவது தனியை முடிக்கும் சொற்கட்டை, வழக்கப்படி மூன்று முறை வாசித்தால் 6 ஆவர்த்தனம். பன்னிரண்டால் பெருக்குங்கள், 72 விநாடி. ஒன்றரை நிமிஷத்தில் பாக்கி 18 விநாடி. மிருதங்கக்காரர் அந்தப் பதினெட்டில் ஒரு ஆவர்த்தனம் சொல்லிவிட்டு நேராகக் கோர்வைக்குப் போனார். கோர்வைக்கு முன் வரும் மோரா கிடையாது, ரெண்டு பேரும் மாறி மாறி நீளத்தைக் குறைத்து வாசிக்கும் குறைப்பு கிடையாது. கடக்காரர் முகத்தைப் பார்த்தேன். கை தூக்கி வைத்திருந்தார், முறை வரும் என்று. கோர்வையின் மூன்றாவது தடவையில்தான் அவருக்குப் புரிந்தது, சேர்ந்துகொண்டார். கோர்வை பாட்டின் எடுப்பில், வரி தொடங்கும் இடத்தில், விழுந்தது, சபை கை தட்டியது.

அந்த மிருதங்கம் எந்த நிலையில் மேடை ஏறியது என்பதையும் சொல்லியாக வேண்டும். முந்தைய நிகழ்ச்சி முடியும்வரை உள்ளே விடவில்லை. தொப்பிக்கு, அதாவது இடது பக்கத் தோலுக்கு, ரவை பிசைந்து அப்பி, தட்டிப் பார்த்து, கூடினால் எடுத்து, குறைந்தால் வைத்து, அதற்கே சில நிமிஷம் வேண்டும். அதை நடைபாதையில் உட்கார்ந்து செய்தார். வலந்தலையை, வலது பக்கத்தை, அங்கே சுருதி சேர்த்துவிட்டு ஏசி மேடைக்கு வந்தால் தோல் அப்படியே நிற்குமா? குளிருக்கு ஒரு பக்கம் போகும், தலைக்கு மேல் விளக்குச் சூட்டுக்கு இன்னொரு பக்கம் போகும். வர்ணம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கல்லால் தட்டித் தட்டிச் சரிபண்ணினார். மேடையில் உட்கார்ந்தபின் மூன்று நிமிஷம் சுருதி சேர்க்கக் கொடுக்காத கச்சேரியில் முதல் உருப்படி தானாகவே பலி. பட்டங்களை வாசித்த அந்த ஐந்து நிமிஷம் இதற்கு உரியது.

"அரியக்குடி போட்டுக் கொடுத்த முறைங்க, வர்ணத்திலிருந்து மங்களம்வரை எல்லாம் இருக்கணும்" என்று அமைப்பாளர்களின் நியாயம் வேறு. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பெயரை இதற்கு இழுக்காதீர்கள். அந்த வரிசை மணிக்கணக்கில் நடக்கும் கச்சேரிக்கு. தொண்டை சூடாக வர்ணம், சபை விறுவிறுப்பாக உட்கார சின்னக் கீர்த்தனைகள், உட்கார்ந்த சபைக்கு விஸ்தாரம், கனத்தை இறக்க துக்கடா. ஒவ்வொன்றும் ஒரு வேலைக்காக அங்கே இருக்கிறது. அந்த வேலைக்கு நேரமே இல்லாத இடத்தில் எல்லாவற்றிலும் ஒரு துளி வைத்தால் அது கச்சேரி ஆகாது.

நேரம் குறைவாக இருந்த பழைய காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான் இடம். அந்த வித்வான்கள் அதற்குள் வர்ணத்திலிருந்து மங்களம்வரை திணித்தார்களா? ஒரு ராகம், அல்லது ஒரு பாட்டு. நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி அப்படித்தான் வீடு வீடாகப் போனது. குறைந்த நேரத்துக்கு உருப்படியைக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு உருப்படியையும் நறுக்கக் கூடாது.

நாற்பது நிமிஷமா? மூன்று உருப்படி, ஒரு மங்களம். அவ்வளவுதான். வர்ணம் அல்லது பிள்ளையார் பாட்டு, ரெண்டில் ஒன்று: வாதாபி கணபதிம் எடுத்தால் 5 நிமிஷத்தில் முடித்துவிடலாம், அதற்கு ஸ்வரம் வேண்டாம். அடுத்து நேராக மெயின். ஆலாபனை 5, வயலினுக்கு 3, கீர்த்தனை 7, நிரவல் அல்லது ஸ்வரம் 5, தனி 6. ஆகமொத்தம் 26. பிறகு சிந்துபைரவியிலோ பெஹாகிலோ ஒரு தமிழ்ப் பாட்டு 4. மங்களம் 1. கூட்டல் 36. மிச்சம் நாலு சுருதிக்கும் கைதட்டலுக்கும். நிரவல், ஸ்வரம் ரெண்டும் வேண்டும் என்று ஆசைப்பட்டால் முதல் பாட்டை விடுங்கள், தனியில் கை வைக்காதீர்கள். தனிக்கு ஆறு நிமிஷம் தாராளம்: ஆளுக்கு ஒன்றரை, குறைப்புக்கு ஒரு நிமிஷம், சேர்ந்து மோராவும் கோர்வையும் ஒன்றரை. அரை நிமிஷம் கையில் நிற்கும். கடக்காரரும் வித்வானாக வீடு திரும்புவார்.

மெயினுக்குத் தாளம் பார்த்து எடுப்பது இன்னும் முக்கியம். கரஹரப்ரியாவே வேண்டும் என்றால் பக்கல நிலபடி இருக்கிறது. அதே ராகம், அதே தியாகராஜர், மிச்ர சாபு தாளம். ஆவர்த்தனம் சட்டென்று சுழன்று வந்துவிடும். நேரம் போகிறது என்று தெரிந்தால் ரெண்டு சுற்றைக் குறைத்தாலும் கேட்பவருக்கு வெட்டுத் தெரியாது. ரெண்டு களை ஆதியில் ஒரு சுற்றைக் குறைத்தாலே பாட்டில் ஓட்டை விழுகிறது. குறுகிய மேடைக்கு சவுக்கமான, மெதுவான பாட்டை எடுப்பவர்கள் ஆவர்த்தனத்தின் நீளத்தை ஏன் பார்ப்பதில்லை?

கரஹரப்ரியா மெயினாக இருக்கும்போது அதற்கு முன்னால் ஆபேரியில் பஜரே மானஸ கேட்டார்களே, அதை நினைத்தால் இன்னும் எரிகிறது. ரெண்டும் 22ஆவது மேளத்துக் குடும்பம், அதாவது ஒரே மூல ஸ்வர வரிசை. அதே காந்தாரம், அதே நிஷாதம் ஆறு நிமிஷம் காதில் ஊறியபின் கரஹரப்ரியா ஆலாபனை ஆரம்பித்தால் என்ன புதுசு இருக்கும்? மூன்று மணி நேரக் கச்சேரியில் நடுவில் பிரதிமத்யமம் உள்ள, அதாவது மத்யமம் கூடின, ஒரு ராகம் வந்து காதைக் கழுவிவிடும். நாற்பது நிமிஷத்தில் அதற்கு இடமில்லை, அதனால்தான் ராகத் தேர்வில் இரட்டிப்பு ஜாக்கிரதை வேண்டும். பாடகர் சொல்லிப் பார்த்தாராம். "ஜனங்க கேப்பாங்க" என்று பதில். ஜனங்கள் கேட்டார்களா, யாரிடம் கேட்டார்கள்?

கச்சேரி ஆறு நாற்பத்தைந்துக்கு டாண் என்று முடிந்தது. பிறகு பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை. கடிகாரம் பார்த்தேன், ஏழு ஐந்து. இருபது நிமிஷம்! சீட்டு அனுப்பிய கை அப்போது எங்கே போச்சு?

அது கிடக்கட்டும், தம்புரா மைக்கை அணைத்தது யார்? நிஜத் தம்புரா, சுருதி சுத்தமாக மீட்டிக்கொண்டிருந்தாள் அந்தப் பெண், நாலாவது வரிசைக்கு மேல் ஒரு இழை கேட்கவில்லை. பாடகருக்குப் பக்கத்திலிருந்த மானிட்டரிலும் இல்லை. "இரைச்சலா இருக்குன்னு குறைச்சேன் சார்" என்கிறார் ஒலிபெருக்கிக்காரர். ஐயா, அது இரைச்சல் இல்லை. அதுதான் சுருதி.