கிட் கிட்டாரின் பிரிட்ஜ் ஒயரை வெட்டாதீர்கள்

சேலம் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது: “கிட் வாங்கி வீட்டிலேயே பூட்டும் எலக்ட்ரிக் கிட்டாரில், பிரிட்ஜுக்குப் போகும் ஒயர்தான் ஷாக் அடிக்கக் காரணம், வெட்டிவிடுங்கள்.” இது தவறு. (பிரிட்ஜ் என்பது கிட்டாரின் உடலில் தந்திகளைத் தாங்கும் உலோகப் பாகம்.)

தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பியும்தான். தந்தி அதிர்ந்தால் அதில் பிறப்பது மில்லிவோல்ட் கணக்கு, அது ஷாக் அடிக்காது. பிரிட்ஜ் ஒயர் தந்திகளை கிரவுண்டோடு (சர்க்யூட்டின் பொது இணைப்போடு) சேர்த்து இரைச்சலைக் குறைக்கிறது. அம்மாபேட்டையில் நண்பன் பூட்டிய கிட்டாரில், தந்தியைத் தொட்டாலும் அடங்காத ‘ங்ங்’ சத்தம் ஜாக்கின் (கேபிள் சொருகும் துளையின்) உலோகத்தைத் தொட்டதும் அடங்கியது. கழற்றினால், அந்த ஒயர் பிரிட்ஜில் படாமல் வார்னிஷ் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது!

நிஜமாகவே ஷாக் அடித்தால் சந்தேகப்பட வேண்டியது ஆம்ப்ளிஃபயரையும் பிளக் பாயிண்டின் எர்த்தையும். நம் பழைய வீடுகளில் மூன்று பின்னை இரண்டு பின்னாக்கிச் சொருகும் பழக்கம் வேறு. சுவிட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சோதிப்பது சுலபம். கேபிளைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில்) வைத்து, ஒரு முனையை பிரிட்ஜிலும் மறு முனையை ஜாக்கின் வெளி உலோகத்திலும் வையுங்கள். பீப் வந்தால் பிரிட்ஜ் ஒயர் இணைப்பு சரி.

அந்த ஃபார்வர்டு வந்தால் மேற்கொண்டு அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இதைச் சொல்லுங்கள்.