மணிக்கட்டை அதிகம் மடக்கினால் பந்து அதிக தூரம் போகுமா?

"கோல்ஃபில் மட்டையைப் பின்னால் தூக்கும்போது மணிக்கட்டை எவ்வளவு மடக்குகிறோமோ, அவ்வளவு தூரம் பந்து பறக்கும்" என்றொரு பேச்சு பரவுகிறது. தவறு.

வலக்கை ஆட்டக்காரருக்கு இடது முன்கைக்கும் மட்டைத் தண்டுக்கும் இடையே ஏறத்தாழ 90 பாகை கோணம் அமைந்தாலே தாராளம். அதற்கு மேல் மடக்கினால் பிடி தளரலாம். மடங்க வேண்டியது கட்டைவிரல் பக்கமாக. பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான். இடது மணிக்கட்டு புறங்கைப் பக்கம் மடங்கினால் மட்டையின் முகம், அதாவது பந்தைத் தொடும் பரப்பு, வலப்புறமாகத் திறந்து, பந்து வலப்புறம் விலகி ஓடும். புதிதாகப் பழகுகிறவர்கள் தயவுசெய்து மணிக்கட்டை முறுக்காதீர்கள், வலிதான் மிஞ்சும்.

வேகம் பிறப்பது, மட்டை இறங்கும்போது இடுப்பு முதலில் திரும்பி, அந்தக் கோணம் தாமதமாக அவிழ்வதில். ஸ்பெயினின் கோல்ஃப் வீரர் ஜான் ராம், மட்டையைப் பின்னால் தூக்கும் வீச்சு குட்டையாக இருந்தும், 2021 யு.எஸ். ஓப்பன், 2023 மாஸ்டர்ஸ் ஆகிய பெரும் போட்டிகளை வென்றார்.