கே-பாப்பை ‘ஃபேக்டரி பாட்டு’ என்கிறவர்களுக்கு

கே-பாப், அதாவது கொரியப் பாப் பாட்டு, பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் “அதெல்லாம் ஃபேக்டரி மியூசிக்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். வெஸ்டர்ன் பாப் மனசிலிருந்து வருகிறதாம், சீனப் பாட்டில் கவிதை இருக்கிறதாம், கொரியப் பாட்டு மட்டும் அச்சில் வார்த்ததாம். மூன்றையும் பல வருஷமாக ஆசையாகக் கேட்கிறவள் நான். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

பாட்டுக்கு ஃபேக்டரி வைத்தது சியோல் இல்லை, டெட்ராய்ட். 1959-ல் அந்த அமெரிக்க ஊரில் மோட்டவுன் என்ற இசைக் கம்பெனியைத் தொடங்கிய பெர்ரி கோர்டி, அதற்கு முன் கார் தொழிற்சாலையில் அசெம்ப்ளி லைனில் வேலை பார்த்தவர். வெறும் இரும்புச் சட்டமாக உள்ளே போவது புதுக் காராக வெளியே வருவதைப் பார்த்துத்தான் தனக்கு அந்த யோசனை வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். எந்தப் பாட்டை வெளியிடலாம் என்று முடிவு செய்ய அங்கே தரக் கட்டுப்பாட்டுக் கூட்டம் நடக்கும். நடக்கவும் உட்காரவும் பேசவும் சொல்லித்தர மாக்சின் பவல், மேடை ஆட்டத்துக்கு சோலி அட்கின்ஸ். சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ் போன்ற பாட்டுக் குழுக்கள் எல்லாம் அந்தப் பட்டறையில் தேறியவர்கள். அவர்கள் பாட்டில் உயிர் இல்லை என்று இன்றைக்கு யாராவது சொல்வார்களா?

90களில் அந்த வேலை ஸ்டாக்ஹோமுக்குப் போனது. டென்னிஸ் பாப், மாக்ஸ் மார்ட்டின் என்ற ஸ்வீடன்காரர்கள்தான் அமெரிக்காவின் பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் குழுவுக்கும் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸுக்கும் மெட்டுப் போட்டார்கள். 80களில் கலிஃபோர்னியாவில் படித்து, எம்டிவி என்ற பாட்டுச் சேனலைப் பார்த்து அசந்துபோய் ஊர் திரும்பியவர் கொரியப் பாடகர் லீ சூ-மான். 1995-ல் பாட்டுக் குழுக்களை உருவாக்கும் எஸ்.எம். கம்பெனியை ஆரம்பித்தார், அடுத்த வருஷமே எச்.ஓ.டி. குழு வந்தது. பிறகு எஸ்.எம். அதே ஸ்காண்டிநேவியாக்காரர்களைத் தேடிப் போனது. எஸ்.எம்.மின் பெண்கள் குழுவான கேர்ள்ஸ் ஜெனரேஷனின் ‘ஜீனி’ (2009) நார்வே டீம் போட்ட மெட்டு. அமெரிக்கப் பெண் பாடினால் கலை, கொரியப் பெண்கள் பாடினால் சரக்கா?

கொரியா இதில் சேர்த்தது என்ன என்று கேட்டால் அதே கேர்ள்ஸ் ஜெனரேஷனின் ‘ஐ காட் எ பாய்’ (2013) பாட்டைக் காட்டுவேன். ராப்போடு நிதானமாக ஆரம்பிக்கும். திடீரென்று எல்லாம் நிற்கும். வேகம் மாறும், மெட்டே மாறும், அப்புறம் இன்னொரு முறை மாறும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒன்பது பேரில் வேறொருத்தி முன்னால் வருவாள், மற்றவர்கள் அவளுக்கு வழிவிட்டு வேறு வரிசைக்குப் போய்விடுவார்கள். ஒரே நட்சத்திரத்தை நடுவில் நிறுத்திப் பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடவைக்கும் பாப் பாட்டுக்கு இப்படியொரு தேவையே வருவதில்லை. ஒன்பது குரலுக்கும் இடம் கொடுக்க வேண்டும், ஆட்டத்துக்கும் திருப்பம் வேண்டும் என்பதால்தான் பாட்டு இப்படி வளைந்து நெளிந்து போகிறது. மேற்கில் எழுதிக்கொடுத்த மெட்டு, கொரிய மேடையில்தான் இப்படி ஆகிறது. இப்போது வரும் கே-பாப் பாட்டுகள் பல மூன்று நிமிஷம்கூடத் தாண்டுவதில்லை. அந்த வருத்தம் எனக்கு நிறைய உண்டு.

சீனப் பாட்டிடம் வேறொரு காரணத்துக்காகக் கும்பிடு போடுவேன். தைவான் பாடகர் ஜே சோ வார்த்தையை மென்று விழுங்குவதுபோலப் பாடுவார். அவருக்கு எழுதும் வின்சென்ட் ஃபாங் நின்று நிதானித்து எழுதுவார். 2007-ல் வந்த நீலப் பீங்கான் பாட்டில் தூரிகை பீங்கான்மேல் இழுக்கும் கோட்டில் தொடங்கி, ஒரு பெண்ணுக்காகக் காத்திருக்கும் இடத்துக்கு நம்மைக் கொண்டுபோய்விடுவார். மோகனம் பழகிய காதுக்கு அந்த மெட்டு அந்நியமாகவே இருக்காது. ஹாங்காங் கதை இன்னும் கடினம். மெட்டுக்குப் பாட்டெழுதுவது நம் சினிமாக் கவிஞர்களுக்கும் பழக்கம்தான். ஆனால் ஹாங்காங்கில் பேசும் கான்டனீஸ் மொழியில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லே மாறிவிடும். மெட்டு ஏறுகிற இடத்தில் ஏறுகிற சொல்லைத்தான் வைக்க வேண்டும். சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் வரும் பாப்பில் இந்தக் கண்டிப்பு கிடையாது.

எஸ்.எம்.மின் ஆண்கள் குழுவான எக்ஸோவின் ‘க்ரௌல்’ (2013) கொரிய மொழியிலும் மாண்டரினிலும் வந்தது. ஒரே இசை, ஒரே ஆட்டம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கொரிய மொழியின் அழுத்தமான மெய்கள், நம் ‘க்க’, ‘ட்ட’, ‘ப்ப’ மாதிரி, தாளத்தின் மேலேயே போய் விழும். மாண்டரின் அதே இடத்தில் வழுக்கிக்கொண்டு போகும். என் காதுக்கு ஆட்டத்துக்குக் கொரியன்தான், நின்று கேட்கும் பாட்டுக்குச் சீனம்தான்.

அதனால்தான் ரசிகர்கள் ஓட்டுப் போட்டுப் பாட்டுக் குழுவுக்கு ஆள் எடுக்கும் கொரிய ஐடல் போட்டிகளைச் சீனா தன் டிவிக்குக் கொண்டுபோனபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. பாட்டைவிட ஓட்டுதான் பெரிதாகிவிட்டது. 2021-ல் அப்படியொரு போட்டியில் பால் பாட்டில் மூடிக்குள் இருந்த ஓட்டுக் குறியீட்டுக்காகப் பாலைச் சாக்கடையில் கொட்டினார்கள். அந்தப் போட்டியின் இறுதிச்சுற்றே நடக்கவில்லை. அந்த வருஷமே அரசு இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்குத் தடை போட்டது.

ஃபேக்டரி என்று திட்ட வேண்டுமானால் பாட்டைத் திட்டாதீர்கள், ஒப்பந்தத்தைப் பாருங்கள். மேற்கிலும் இது யோக்கியம் இல்லை. தன் பழைய பாட்டுகளின் மூலப்பதிவு அப்போது தன் கையில் இல்லாததால் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் 2021-லிருந்து பழைய ஆல்பங்களை மறுபடி பாடி வெளியிட்டார். அவருக்கு அந்த வசதி இருந்தது. சின்ன வயதிலேயே கொரியக் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்கிற பிள்ளைக்கு என்ன இருக்கிறது? எஸ்.எம்.மின் டிவிஎக்ஸ்க்யூ என்ற பாட்டுக் குழுவில் மூன்று பேர் 2009-ல் தங்கள் 13 வருஷ ஒப்பந்தத்தை எதிர்த்து எஸ்.எம்.மேல் வழக்குப் போட்டார்கள். ஏழு வருஷத்துக்கு மேல் போகாத ஒரு பொது ஒப்பந்த வடிவத்தை அரசு அந்த வருஷம்தான் கொண்டுவந்தது. ஆனால் வெளியே வந்த மூவரையும் டிவி இசை நிகழ்ச்சிகளில் பார்க்கவே முடியவில்லை. அவர்கள் தொழிலில் குறுக்கிடக் கூடாது என்று 2013-ல் நியாய வர்த்தக ஆணையம் எஸ்.எம்.முக்கு உத்தரவு போட்டது. காரணமில்லாமல் ஒரு கலைஞரைச் சேனல்கள் ஒதுக்குவதைத் தடுக்க 2015-ல் ஒளிபரப்புச் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. மூன்று பாடகர்கள் டிவியில் பாடுவதற்கு ஒரு நாட்டில் சட்டத் திருத்தம் தேவைப்பட்டிருக்கிறது. என் கோபமெல்லாம் இதன்மேல்தான்.