அரியர் பெருமையும் மேற்படிப்புக் கனவும்

"அரியர் வைக்காதவன் இன்ஜினியரே இல்லை, சார்" என்று ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவன் என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்கிறான். தேறாமல் நிலுவையில் கிடக்கும் தாளைத்தான் அரியர் என்கிறார்கள். இந்த வசனத்தை முதலில் சொன்ன புண்ணியவான் எம்.டெக். என்ற முதுநிலைப் பொறியியல் படிப்புக்கு விண்ணப்பம் எதையும் நிரப்பியிருக்க மாட்டார்.

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு மூன்றாம் செமஸ்டர் கணிதத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஃபூரியர் தொடரில் 13 மதிப்பெண் கணக்கு ஒன்றைத் தொடங்கி, மூன்றாவது வரியில் கழித்தல் குறியைத் தவறவிட்டால், அதன்பின் எழுதும் இரண்டு பக்கமும் பாழ். அதில் ஒருவன் தோற்றால் நான் கோபப்படுவதில்லை. 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று அவன் நகர்ந்து போவதுதான் எரிச்சலூட்டுகிறது. அடுத்த செமஸ்டருக்கு அதற்கே உரிய பாடங்கள் காத்திருக்கின்றன. தள்ளித் தள்ளி ஏழாம் செமஸ்டருக்கு வந்து சேரும்போது பிராஜெக்ட், கேம்பஸ் நேர்காணல், கேட் (GATE) என்ற முதுநிலைப் பொறியியல் நுழைவுத் தேர்வுக்கான படிப்பு எல்லாம் ஒரே நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும்.

கேட்டில் நல்ல மதிப்பெண் வாங்கினாலும் பட்டம் கையில் இருக்க வேண்டுமே! இறுதியாண்டு மாணவருக்கு ஐ.ஐ.டி.க்கள் தற்காலிகமாகத்தான் இடம் தருகின்றன. தேர்ச்சிச் சான்றைக் குறித்த தேதிக்குள் காட்டாவிட்டால் இடம் கைநழுவிவிடும். டிஸ்டிங்ஷன் என்ற சிறப்புத் தேர்ச்சிக்கு 8.5 சி.ஜி.பி.ஏ. (எல்லா செமஸ்டருக்குமான சராசரிப் புள்ளி, பத்துக்கு) மட்டும் போதாது, எல்லாத் தாள்களையும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும். இந்த விதி பலருக்குக் கடைசி ஆண்டில்தான் தெரியவருகிறது.

வெளிநாடு போக நினைப்பவர்களின் கதை வேறு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு டிசம்பரிலோ ஜனவரியிலோ கெடு முடியும். அதற்கு நான்கு நாள் முன்பு ஒரு மாணவன் துறை அறைக்கு வந்து, "பரிந்துரைக் கடிதத்தை நானே எழுதிக் கொண்டுவந்துவிட்டேன் சார், நீங்கள் பார்த்து அனுப்பினால் போதும்" என்பான். படித்துப் பார்த்தால் 'அபாரமான ஆராய்ச்சி மனப்பான்மை உள்ளவர்' என்று இருக்கும். அவனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் வருகைப்பதிவு 76 சதவீதம் என்பதுதான். ஐந்தாம் செமஸ்டரில் ஆய்வகத்துக்கு வந்து நாலு கேள்வி கேட்டிருந்தால், ஒரு சிறு பிராஜெக்டைச் சேர்ந்து செய்திருந்தால், அந்தக் கடிதத்தை நானே மனமாரப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன்.

வேலை கிடைக்கவில்லை, சும்மா இருப்பதற்கு எம்.டெக். போன்ற இன்னொரு முதுநிலைப் படிப்பான எம்.இ. சேரலாம் என்று வருகிறவர்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிடுகிறேன். பிடிக்காத துறையில் இன்னும் இரண்டு ஆண்டு உட்கார்ந்தால் அது பிடித்துவிடுமா? பெற்றோரும் ஒருமுறை யோசிக்கலாம். கட்டணம் அவர்கள் பையிலிருந்துதானே போகிறது. உண்மையில் ஆர்வம் இருப்பவர்களுக்கு வழி உண்டு. கேட்டில் தகுதி பெற்று ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரமுள்ள கல்லூரியில் முதுநிலை சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை பெற வாய்ப்பு உண்டு.

மூன்றாம் ஆண்டு மாணவர்களே கேட் எழுதலாம் என்பதும், அந்த மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும் என்பதும் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. பிப்ரவரியில் தேர்வு, விண்ணப்பம் முந்தைய ஆண்டே முடிந்துவிடும். இப்போது ஐந்தாம் செமஸ்டரில் இருப்பவர்கள் அரியர் தாளுக்குப் பணம் கட்டும் கையோடு இதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் மதிய இடைவேளையில் வாருங்கள், அறையில்தான் இருப்பேன்.